கோண்டாவில் தகரப் பட்டறையும் மொறிஸ் மைனரின் டாஷ்போர்ட்டும்

இந்தப் பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. விலைப்பட்டியலும் கிடையாது. தொலைபேசியில் விசாரித்தால், "காரைக் கொண்டுவாருங்கள், பார்த்துத்தான் சொல்லலாம்" என்ற ஒரே பதில்தான் வரும். கோண்டாவிலில் பிரதான வீதியிலிருந்து உள்ளே போகும் ஓர் ஒழுங்கையில், தகரக் கூரையின் கீழ், எப்போது போனாலும் சில பழைய கார்கள் கதவும் விளக்கும் இல்லாமல் நிற்கும். பழைய காரின் தகர வேலைக்கு, அதிலும் டாஷ்போர்ட் மாதிரி ஓட்டுபவரின் கண்ணுக்கு நேரே இருக்கிற இடத்து வேலைக்கு, யாழ்ப்பாணத்தில் யாரிடம் போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் இப்போது இந்த இடத்தைத்தான் சொல்கிறேன். குறைகளும் இருக்கின்றன, அவற்றையும் மறைக்கப் போவதில்லை. பெயரைப் போட வேண்டாம் என்று பட்டறைக்காரரே கேட்டுக்கொண்டார். கையில் இருக்கும் வேலையே முடியவில்லையாம். எழுபதை நெருங்கியவர், ஊரெல்லாம் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுகிறது, நானும் அப்படியே எழுதுகிறேன்.

கார் 1958ஆம் ஆண்டின் மொறிஸ் மைனர் 1000. இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்தைப் போடுவதா என்று நாடு அமளிப்பட்ட அதே ஆண்டு. 948 சிசி எஞ்சின், நான்கு கதவுகள். என் மாமனார் இரண்டாம் கையாக வாங்கி, கடைசிவரை தானே ஓட்டிய கார். இந்த மாதிரியை அறியாதவர்களுக்கு டாஷ்போர்ட்டைச் சொல்லிவிட வேண்டும். நடுவில் பெரிய வட்டமான ஸ்மித்ஸ் ஸ்பீடோமீற்றர், அதற்குள்ளேயே பெற்றோல் முள்ளும் எச்சரிக்கை விளக்குகளும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு லாச்சிக் குழி. கீழே இழுக்கும் குமிழ்கள்: எஸ் என்று எழுதியதை இழுத்தால் ஸ்ராட்டர், சி என்று எழுதியதை இழுத்தால் சோக். பிளாஸ்டிக் உறையோ பஞ்சு மெத்தையோ எதுவும் கிடையாது, எல்லாம் பெயின்ற் அடித்த இரும்புத் தகடு. அந்தத் தகடும் காரின் உடம்போடு வெல்டிங்கில் ஒட்டவைக்கப்பட்டது. நான்கு திருகாணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போக முடியாது, கார்தான் போக வேண்டும்.

சேதம் பல காலத்தில் பல கைகளால் நேர்ந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் யாரோ ஒருவர் கசெற் பிளேயர் பொருத்துவதற்காக இடப்பக்க லாச்சிக்கும் ஸ்பீடோமீற்றருக்கும் இடையே உளியால் வெட்டியிருக்கிறார். மீன் பேணியைக் கத்தியால் திறந்தது போன்ற வெட்டு. பிளேயரைவிட ஓட்டை பெரிதாக இருந்ததற்குக் காரணம் கவனக்குறைவு அல்ல என்பது பிறகுதான் விளங்கியது. மொறிஸ் மைனர் பொசிற்றிவ் எர்த் கார், அதாவது பற்றரியின் நேர்முனைதான் உடம்போடு இணைந்திருக்கும். ஜப்பான் பிளேயர்களின் வெளிப்பெட்டியோ எதிர்முனை. இரண்டும் தொட்டால் புகைதான். ஆகவே சுற்றிலும் மரச்சட்டமும் சைக்கிள் ரியூப் துண்டுகளும் வைத்துப் பொருத்தியிருக்கிறார்கள், அதற்கு இடம் வேண்டி ஓட்டையையும் பெருப்பித்திருக்கிறார்கள். பிளேயர் போய்விட்டது, ஓட்டை மட்டும் மிச்சம். அதைத் தவிர, சிறிய மின்விசிறி ஒன்றுக்காகப் போட்ட துளைகள், பிள்ளையார் சிலை பீடத்துக்கான துளைகள், எதற்கென்றே தெரியாத துளைகள். முன்கண்ணாடியின் றப்பர் இறுகிப்போய் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கியதால் வலப்பக்க மேல்மூலை முழுக்கக் கறள்.

இன்னொரு துளையும் இருந்தது. அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கிய பிறகு குடாநாட்டுக்குப் பெற்றோல் வரவில்லை. தடைசெய்யப்பட்ட பொருள்களில் எரிபொருளும் இருந்தது, பற்றரியும் இருந்தது. அந்த ஆண்டுகளில் இங்கே ஓடிய ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடியவை. அந்தக் கால எஞ்சின்கள் குறைந்த அழுத்தத்தில் வேலை செய்பவை, மண்ணெண்ணெயைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பற்றாது. முதலில் சிறிது பெற்றோலைக் கொடுத்து உயிர்ப்பித்து, சூடேறிய பிறகே மாற்ற வேண்டும். பெரும்பாலானோர் பொனற்றைத் திறந்து ஒரு சிறு போத்தலிலிருந்து கார்பரேற்றருக்குச் சில துளிகள் விட்டார்கள். என் மாமனார் தினமும் பொனற்றைத் திறக்கச் சலித்துக்கொண்டு, ஒரு பித்தளைத் திருகை ஸ்ரியறிங்குக்கு வலப்பக்கம் டாஷ்போர்ட்டிலேயே பொருத்திவிட்டார். ஒரு பக்கம் திருப்பினால் போத்தல் பெற்றோல், மறுபக்கம் திருப்பினால் தாங்கியிலிருந்து மண்ணெண்ணெய். எரிபொருள் குழாயை ஆள் உட்காரும் இடத்துக்குள் கொண்டுவருவதைப்போல ஆபத்தான காரியம் வேறில்லை. ஆனால் அன்று ஆபத்தின் அளவுகோலே வேறாக இருந்தது.

அண்ணையிடம் போகுமுன் வேறு இடங்களிலும் கேட்டேன். ஓரிடத்தில் கம்பிவலை வைத்துக் கற்றலோய் என்ற பட்டியைப் பூசி மூடலாம் என்றார்கள், இரண்டே நாள் வேலை என்றார்கள், விலையும் மலிவு. இன்னோரிடத்தில் முழு டாஷ்போர்ட்டுக்கும் பலகை அடித்து றெக்சின் ஒட்டிவிடலாம், பார்க்க பென்ஸ் மாதிரி இருக்கும் என்றார்கள். மொறிஸ் மைனர் ஏன் பென்ஸ் மாதிரி இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை, வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கற்றலோய் பற்றி ஒரு வார்த்தை. நல்ல சாமான்தான், ஆனால் இரும்பின் மேல் மெல்லிதாகப் பூசுவதற்கு உரியது. உள்ளங்கை அகலத்து ஓட்டையின் குறுக்கே அதையே பாலமாக்கினால் நிற்காது. வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்ட் கைவைக்க முடியாத அளவுக்குச் சூடாகும். இரும்பு விரிகிற அளவும் பட்டி விரிகிற அளவும் ஒன்றல்ல. போதாததற்கு எங்கள் வீதிகளின் குலுக்கல். ஒரு வருடத்தில் ஓட்டையின் ஓரம் முழுவதும் பெயின்றில் மயிரிழை போல வெடிப்பு எழும்பிவிடும், அதன் வழியாக ஈரம் இறங்கி அடியில் கறளும் பிடிக்கும்.

அண்ணை காரைப் பார்த்த விதத்திலேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி டாஷ்போர்ட் முழுவதும் மெதுவாக இழுத்தார். ஒட்டாத இடங்களில் சோக்கட்டியால் வட்டம் போட்டார். நான் நல்ல தகரம் என்று நினைத்திருந்த இரண்டு இடங்கள் வெறும் பட்டி என்று அப்போதுதான் தெரிந்தது. பிறகு கீழே படுத்து, மேலிருந்து பையனை விளக்குப் பிடிக்கச் சொல்லி, ஊசித்துளை வழியாக வெளிச்சம் வருகிறதா என்று பார்த்தார். எழுந்து வந்து விலையைச் சொல்லவில்லை. "எந்த ஓட்டையை அடைப்பது, எதை விடுவது?" என்றுதான் கேட்டார். திருகைக் காட்டி, "தம்பி, இதையும் அடைத்துவிட்டால் பிறகு கேட்கக்கூடாது" என்றார். மனைவியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவருடைய அப்பாவின் கார் அது. மனைவி ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டார், திருகு இருக்கட்டும் என்று.

கழற்றும் வேலையை அவர் என்னிடமே விட்டார், அதையும் கட்டளைகளோடு. முதலில் பற்றரி இணைப்பு. ஸ்பீடோமீற்றரைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும், பட்டறையில் வைக்கக்கூடாது, தூசி போனால் முள் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு வயருக்கும் துணிப்பட்டியில் எழுதிக் கட்ட வேண்டும். பழைய லூக்காஸ் வயர்களின் துணி உறை அறுபது ஆண்டில் ஒரே மண்ணிறமாகிவிட்டது, நிறத்தை நம்ப முடியாது. முன்கண்ணாடியும் வெளியே வந்தது, வெல்டிங் பொறி பட்டால் கண்ணாடியில் புள்ளி புள்ளியாகக் குழி விழும்.

இனிப் பெரிய ஓட்டை. இதைப் பக்கத்தில் நின்று பார்க்க அனுமதித்தார், ஆகவே விரிவாகவே எழுதுகிறேன்.

உளி வெட்டிய ஓரங்களை அவர் அப்படியே வைத்துக்கொண்டு ஒட்டுப் போடவில்லை. நெளிந்த ஓரத்தை முழுக்க வெட்டி எடுத்து, ஓட்டையை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினார். நான்கு மூலைகளையும் வளைவாக்கினார். கூர்மூலையில்தான் வெடிப்புத் தொடங்கும், வெல்டிங் சூட்டில் தகரம் இழுபடுவதும் அங்கேதான் அதிகம். பிறகு மட்டையில் அச்சு எடுத்து, 20 கேஜ் தகட்டில் துண்டு வெட்டினார். ஏறக்குறைய 0.9 மில்லிமீற்றர் தடிப்பு, பழைய தகரத்தோடு ஒத்துப்போகிறது. கல்வனைஸ் தகடு கடையில் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் அதைத் தொடமாட்டாராம். நாகப்பூச்சு எரிந்து வரும் புகை நெஞ்சுக்குக் கூடாது, ஒட்டும் சரிவராது. மொறிஸின் டாஷ்போர்ட் பார்வைக்குத் தட்டை போலத் தெரிந்தாலும் லேசான வளைவு உண்டு. அந்த வளைவை ஒரு தண்ணீர்க் குழாய்த் துண்டின் மேல் கையாலேயே அமுக்கி எடுத்தார். வைத்துப் பார்த்து, அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, மறுபடி வைத்துப் பார்த்து. சுற்றிலும் தகட்டின் தடிப்பளவு மட்டும் இடைவெளி இருக்கும்வரை இது நடந்தது.

ஒட்டும்போது ஒரு கோடாக இழுக்கவில்லை. இந்த மூலையில் ஒரு பொட்டு, எதிர் மூலையில் ஒரு பொட்டு, பிறகு நடுவில். ஒவ்வொரு பொட்டுக்கும் பிறகு ஈரத்துணி, தன் புறங்கையை வைத்துப் பார்த்து ஆறிவிட்டதென்று தெரிந்த பிறகே அடுத்தது. வெல்டிங் ஆறும்போது தகரம் சுருங்கும், சுருங்கினால் சுற்றியுள்ள பகுதி பள்ளமாக இழுபடும். அதற்காகப் பின்னால் டொலி என்ற கையடக்க இரும்புக் கட்டியைப் பிடித்துக்கொண்டு முன்னால் சிறு சுத்தியலால் ஒட்டின் மேலேயே தட்டினார். தட்டத் தட்டச் சுருங்கிய இரும்பு நீண்டு பழைய இடத்துக்கு வரும். இதற்காகத்தான் பெரிய ஒட்டுக்கு அவர் காஸ் வெல்டிங்கை விடவில்லை. சூடு கூடுதலாகப் பரவும், ஆனால் ஒட்டு மிருதுவாக இருக்கும், அடித்தால் வளைந்துகொடுக்கும். மிக் வெல்டிங், அதாவது கம்பி தானாக ஊட்டப்படும் மின் வெல்டிங், விரைவானது, ஒட்டு கடினமாகிவிடும், சுத்தியலுக்கு மசியாது.

சிறு துளைகளுக்கு மிக் தான் போட்டார். அதில் ஒரு சூட்சுமம் உண்டு. துளைக்குப் பின்னால் தட்டையான செப்புத் துண்டு ஒன்றை அழுத்திப் பிடித்து, முன்னாலிருந்து துளையை நிரப்புவார். உருகிய இரும்பு செம்பில் ஒட்டாது, சூட்டையும் செம்பு வாங்கிக்கொள்ளும். துண்டை எடுத்தால் பின்பக்கமும் மட்டமாக இருக்கிறது. பிள்ளையார் இருந்த இடத்தை இப்போது விரலால் தடவினாலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

கறள் மூலையில் எனக்கு ஒரு வாக்குவாதம். மேலோட்டமாகச் சுரண்டி, கறள் மாற்றும் திரவம் பூசினால் போதாதா என்று கேட்டேன். அண்ணை பேசவில்லை, திருப்புளியின் நுனியை அந்த இடத்தில் வைத்து லேசாக அழுத்தினார், உள்ளே போய்விட்டது. கண்ணாடி றப்பர் உட்காரும் விளிம்போடு சேர்த்துப் புதுத்துண்டு செய்தார். எங்கள் ஊரில் கடற்காற்றின் உப்பு எங்கே தண்ணீர் தேங்குகிறதோ அங்கே வேலையைத் தொடங்கிவிடும். புது றப்பரை, வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து எடுப்பித்தேன். மொறிஸ் மைனருக்கு இலங்கையில் சாமான் தேடுவது மற்றப் பழைய கார்களைப்போல அவ்வளவு கடினமல்ல. 1990களில் காலியில் ஒரு தொழிற்சாலை இந்தக் காருக்கான தகரப் பாகங்களைக் கையால் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. பிறந்த நாட்டுக்கு மட்கார்ட் இங்கிருந்து போயிருக்கிறது.

திருகின் துளைக்கு அவர் செய்தது நான் கேட்காத வேலை. துளையைச் சுற்றித் தகரம் நட்சத்திரம் போல வெடித்திருந்தது. வெடிப்புகளை ஒட்டி, பின்பக்கம் ஒரு இரும்பு வளையத்தை வைத்துப் பலப்படுத்தி, திருகைப் புளியால் தேய்த்து மறுபடி பொருத்திக் கொடுத்தார். குழாய்கள் இல்லை, திருகு எதனோடும் இணைந்திருக்கவில்லை. திருப்பினால் இறுக்கமாகத் திரும்புகிறது.

எல்லா ஒட்டுகளின் பின்பக்கத்தையும் கம்பித் தூரிகையால் தேய்த்து, கீழே படுத்துக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே பிரைமர் பூசியதை நான் பார்த்தேன். வெல்டிங் பட்ட இடத்தின் பின்பக்கம் கருகிய செதிளோடு விடப்பட்டால் முதலில் கறள் ஏறுவது அங்கேதான். பல கராஜ்களில் அந்தப் பக்கத்தை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

இனிக் குறைகள்.

பெயின்ற் அண்ணையின் கை அல்ல, மருமகனின் கை. நிறம் சரியாக வந்தது. லாச்சியின் உட்புறத்து மட்டையைக் கழற்றியபோது வெயில் படாத பழைய சாம்பல்பச்சை கிடைத்தது, அதை வைத்துக் கலந்தார்கள். ஆனால் மேலே கிளியர் என்ற நிறமில்லாத பளபளப்புப் பூச்சை அடித்து மினுங்க வைத்துவிட்டார்கள். சாதாரண எனாமல் போதும் என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தேன். மத்தியானத்தில் பண்ணைப் பாலத்தின் வழியாகத் தீவுப்பக்கம் போகும்போது டாஷ்போர்ட்டின் மேல்விளிம்பு முழுக்க முன்கண்ணாடியில் பிரதிபலித்து, எதிரே வருவது சைக்கிளா ஆடா என்று தெரியாத நிலை. திரும்பக் கொண்டுபோனதும் மறுப்புச் சொல்லாமல் மேல்விளிம்பை மட்டும் நுண் அரத்தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்து மங்க வைத்தார்கள், காசு வாங்கவில்லை. இப்போது பரவாயில்லை. இருந்தாலும் முதலிலேயே கேட்டிருக்கலாம்.

இரண்டாவது, மின்வேலைக்கு அங்கே ஆள் இல்லை, அதைப் பற்றிய எண்ணமும் இல்லை. எல்லாவற்றையும் பூட்டிய பிறகு பெற்றோல் முள் தாறுமாறாக ஆடியது, ஸ்பீடோமீற்றர் விளக்கு மங்கியது. தாங்கியில் கோளாறு, மீற்றரில் கோளாறு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் சுன்னாகத்து ஒட்டோ எலக்ரீசியன் ஒருவர் வந்து, ஸ்பீடோமீற்றர் திருகாணி அமரும் இடத்தில் புதுப் பெயின்றைக் காசளவு சுரண்டிவிட்டார். எல்லாம் சரி. அந்த மீற்றருக்கு எர்த் கிடைப்பதே டாஷ்போர்ட்டின் வெறும் இரும்பைத் தொடுவதால்தான், தடிப்பான புதுப் பெயின்ற் அந்தத் தொடர்பை மறித்திருந்தது. இரும்பு டாஷ்போர்ட்டுக்குப் பெயின்ற் அடிப்பவர்கள் திருகாணி இடங்களை மறைத்துவிட்டு அடிக்க வேண்டும், அல்லது தனி எர்த் வயர் கொடுக்க வேண்டும். இவ்வளவு நுணுக்கமாகத் தகரம் பார்க்கிறவர் இதை விட்டது எனக்கு வியப்புத்தான்.

மூன்றாவது தவணை. சித்திரைப் புத்தாண்டுக்கு முன் என்றார், நல்லூர்க் கொடியேற்றம் நெருங்கியபோதுதான் தந்தார். இடையில் போய்க் கேட்டால் கோபிக்கமாட்டார், தேநீர் வரும், கார் அதே இடத்தில் நிற்கும். வேறு வாகனம் இல்லாதவர்கள் இதை யோசித்துக்கொண்டு போக வேண்டும்.

காசு 78,000 ரூபாய் ஆனது, பெயின்ற் உட்பட, றப்பர் தனி. பற்றுச்சீட்டு இல்லை, கொப்பியில் எழுதி வாசித்துக் காட்டினார். வரி வரியாகச் சரியாக இருந்தது, வாங்காத அரத்தாளுக்குக்கூட விலை போடவில்லை. கற்றலோய்க்காரர்கள் கேட்டதைவிட மூன்று மடங்கு இது. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய கார்களின் விலை எங்கேயோ போய்விட்டதால், அந்தக் கணக்கில் பார்த்தாலும் நட்டமில்லை. ஆனால் விற்கும் எண்ணத்தோடு காரைப் பளபளப்பாக்க விரும்புகிறவர்கள் அங்கே போக வேண்டாம். அவர் துருவித் துருவிக் கேட்பார், பட்டியைச் சுரண்டிப் பார்ப்பார், நீங்கள் மறைக்க நினைத்ததெல்லாம் வெளியே வந்து நிற்கும்.

போகிறவர்கள் ஸ்பீடோமீற்றரைக் கழற்றிவிட்டு, வயர்களுக்குப் பெயர் கட்டிவிட்டு, நிறத்துக்கு லாச்சி மூடியைக் கையோடு கொண்டுபோனால் வேலை சீக்கிரம் கையில் எடுக்கப்படும். கிளியர் வேண்டாம் என்பதைப் பெயின்ற் அடிக்கும் பையனிடமே நேரில் சொல்லுங்கள். காலை எட்டு மணிக்கு முன் போவது நல்லது, அதற்குப் பிறகு கிரைண்டர் சத்தத்தில் அண்ணையோடு பேச முடியாது.